பந்திக்குக் காத்திருந்த நைனாவுக்கு

என் பிரியமான நைனா,

நீ கண்ணை மூடி எட்டு மாதம் ஆகிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி குறையவில்லை. சோழவரத்தில் நல்ல மழை. இதையெல்லாம் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் வேறு ஒன்றை முதலில் சொல்ல வேண்டும்.

கும்மிடிப்பூண்டியில் எங்கள் கம்பெனி விருந்துக்கு உன்னைக் கூட்டிப்போனேனே, நினைவிருக்கிறதா? நிகழ்ச்சியை நடத்தியது நான், மைக் என் கையில். எல்லோரும் தட்டோடு வரிசையில் நின்று தாங்களே எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். நீ மட்டும் காலித் தட்டை மேசையில் வைத்து, வாழை இலைக்குத் தெளிப்பதுபோல் தண்ணீர் தெளித்து, கையால் துடைத்துவிட்டு, யாராவது பரிமாற வருவார்கள் என்று உட்கார்ந்திருந்தாய்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "எங்க நைனாவ பாருங்க! இன்னும் பந்தி போடுவாங்கன்னு உக்காந்துகினு கீறாரு!"

ஹாலே திரும்பிப் பார்த்துச் சிரித்தது. நீயும் சிரித்தாய். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அப்புறம் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "பசியே இல்லமா, நீ போய் துன்னு" என்றாய். நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. உன்னைக் கம்பெனி பஸ்ஸில் ஏற்றிவிட்டு மேடைக்குத் திரும்பினேன்.

போன வாரம்தான் அம்மா சொன்னாள். "அன்னிக்கு ஊட்டுக்கு வந்ததும், மத்தியான சோத்துல தண்ணி ஊத்தி ரெண்டு வாட்டி வாங்கித் துன்னாரு. 'புள்ளைக்குத் தெரிய வாணாம், மனசு கஷ்டப்படும்'னாரு."

அவ்வளவு பசியை வைத்துக்கொண்டா நைனா எங்களோடு சிரித்தாய்? என்னை நாலு திட்டு திட்டியிருக்கலாமே.

சனிக்கிழமை மறுபடியும் விருந்து. மைக்கும் என்னிடம்தான். கூட வேலை செய்யும் மேரியின் மாமியார் காலித் தட்டோடு உட்கார்ந்து சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து மேசையில் ஒருவர் கிண்டலை ஆரம்பித்தார். நான் மைக்கை வைத்துவிட்டு, சோறும் சாம்பாரும் எடுத்துப் போனேன்.

"பாதி என் பொடவ மேலயே ஊத்திக்கினேன் ஆயா. மீதிதான் உனக்கு."

அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே சாப்பிட்டார். "நீ துன்னியா கண்ணு?" என்றார். நான் இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றினேன். அவர் மறுசோறு கேட்டபோது, அன்றைக்கு உனக்கும் நான் பத்தடி நடந்து எடுத்து வந்திருந்தால் போதுமே என்று தோன்றியது.

இனி எந்த விருந்திலும், பெரியவர்கள் தட்டில் சோறு விழுந்த பிறகுதான் என் வாயிலிருந்து கிண்டல் வரும். அதுவும் என்னைப் பற்றித்தான். இது உன் பசிக்கு உதவாது என்று தெரியும் நைனா.

உன்னைப் பட்டினியாக வீட்டுக்கு அனுப்பிய,
உன் மகள்