பெரிய அயனும் கொஞ்சம் உப்பும்

என் லட்சுமிக்கு,

அங்கே கரண்ட் கட் உண்டா? இங்கே உண்டு. காளவாசல் கடையில் இன்னும் கரிப்பெட்டியை வைத்துத்தான் துணி தேய்த்துச் சமாளிக்கிறேன்.

உன் வருஷ திதிக்கு மக வந்திருந்தாள். வந்த அன்றைக்கே என் மானம் போச்சு. அவள் ஆராய்ச்சியைப் பற்றி யார் கேட்டாலும், நீ சொல்லித் தந்த "மேக்ரோ அயன்" என்பதை ஒப்பிப்பேன் இல்லையா? பெரிய அயன்பாக்ஸைப் பற்றிப் படிக்கிறாள், அப்பன் தொழிலை மறக்காத புள்ள என்று தெருவெல்லாம் அளந்துவிட்டிருந்தேன். எதிர்க்கடை டீ மாஸ்டர் அவளிடமே கேட்டுவிட்டான்: "பாப்பா, அந்தப் பெரிய அயன்பாக்ஸ் எப்ப கடைக்கு வரும்?"

நேரே வந்து முறைத்தாள். "அப்பா, அது அயன்பாக்ஸ் இல்ல, அயனி. மின்சாரம் ஏறுன பெரிய மூலக்கூறு. பந்து மாதிரி இருக்கும்."

"நான் பத்தாவதும்மா. எனக்கு அயன்னா இம்புட்டுத்தான்" என்று பெட்டியைத் தூக்கிக் காட்டினேன். சிரித்துவிட்டாள்.

அவள் சிரித்து எத்தனை நாளாச்சு! நீ போனதிலிருந்து போனில் "சாப்டியா?", "சாப்டேன்", அவ்வளவுதான் எங்கள் பேச்சு. அப்புறம் பழக்க தோஷத்தில் போனை அடுப்படிப் பக்கம் நீட்டுவேன். அங்கே யார் இருக்கா? கேஸ் சிலிண்டர்.

அன்றைக்குச் சட்டைகளை மடித்துக்கொண்டே சொன்னாள். எல்லாப் பந்திலும் ஒரே வகை மின்சாரமாம். அதனால் தண்ணீரில் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு விலகியே நிற்குமாம். கொஞ்சம் உப்புப் போட்டால், கரைந்த உப்பின் எதிர்மின்சாரத் துணுக்குகள் பந்துகளைச் சூழ்ந்துகொள்ளும். தள்ளுமுள்ளு அடங்கும். பந்துகள் நெருங்கி வந்து, ஒட்டாமல், நூலிழை இடம் விட்டு, ஒரு பெரிய உருண்டையாகக் கூடி நிற்குமாம்.

"அள்ளிப் போட்டா?"

"மத்தியானம் நீங்க வச்ச ரசம் மாதிரிதான். கட்டிகட்டியா அடியில தங்கிரும்."

கொஞ்ச நேரம் மடித்தாள். பிறகு, "நீங்களும் நானும் ஒரே சார்ஜுப்பா" என்றாள். உப்பு யாரென்று நான் கேட்கவில்லை. கருகிய வாடை வந்த பிறகுதான் பெட்டி ஓரிடத்திலேயே நிற்பது தெரிந்தது. டீ மாஸ்டர் சட்டைதான். அவனுக்கு வேணும்.

பஸ் ஏற்றிவிடும்போது கேட்டேன்: "கரைஞ்ச உப்பு எங்க போகுது?"

"எங்கயும் போகாதுப்பா. தண்ணியிலதான் இருக்கும். கண்ணுக்குத் தெரியாது."

லட்சுமி, இனி நானே முதலில் போன் போடுவேன். "சாப்டியா"வுக்குப் பிறகு, பந்துகள் என்ன செய்கின்றன என்று கேட்பேன். கை தன்னால் அடுப்படிப் பக்கம் போனாலும், திருப்பி என் காதிலேயே வைத்துக்கொள்வேன்.

உன் வீட்டுக்காரன்,
அவளுக்கு அப்பன்