சிவப்பியின் வலது தோள்

என் அன்பு அண்ணா,

நீங்கள் போன பிறகு உங்கட குதிரை சிவப்பிக்கு நடந்ததை உங்களுக்குச் சொல்லாமல் இருக்க ஏலாது. எழுதவே அருவருப்பாயிருக்கிறது.

உங்கட செத்தவீட்டில் எல்லாரையும்விடப் பெரிதாகக் குழறி அழுதது உங்கட கூட்டாளி நேசன்தான். எட்டாம் நாள் சடங்கு முடிந்த கையோடு வந்து, "குதிரையை நான் பாக்கிறன் தங்கச்சி. அவன் எனக்குச் சகோதரம் மாதிரி" என்று சொல்லி அவளைக் கொண்டுபோனார். சண்டையால் உப்புவெளிக் கடற்கரைக்கு வெள்ளைக்காரர் வருவதில்லை, சவாரியும் இல்லை. பெற்றோலுக்கும் தட்டுப்பாடு. அவர் அவளைத் துறைமுகத்தடியில் மீன்வண்டியில் பூட்டிவிட்டார்.

மனிசரில் இடக்கை, வலக்கை இருப்பதுபோலத்தான் குதிரையும் என்பீர்கள். பிறவியிலேயே ஒரு பக்கம் லேசாக வளையும், மற்றப் பக்கம் விறைக்கும். சிவப்பி இடப்பக்கம் வளைவாள், பாரம் வலது தோளில் சாயும். அதற்காகத்தானே காலமை காலமை மணலில் இரண்டு பக்கமும் வட்டமாக நடத்தி, மெல்ல மெல்ல நேராக்கினீர்கள்?

நேசனுக்கு அது குதிரையின் வேலைக் கள்ளத்தனம். தலை இடப்பக்கம் போகப் போக, வலது கடிவாள வாரை இழுத்து இழுத்து அடித்திருக்கிறார். சந்தையில் நான் கண்டபோது வலது கடைவாய் கிழிந்து சீழ் வடிந்தது. பாரம் சாய்ந்த தோளில் வண்டிப்பட்டி தேய்த்த புண், அதன்மேல் மீன்தண்ணி, மொய்க்கும் இலையான். முதுகில் ஒரு பக்கத் தசை வற்றி, வலது முன்குளம்பும் சரிவாகத் தேய்ந்திருந்தது. சனம் மூக்கைப் பொத்திக்கொண்டு மீன் விலை கேட்டது.

"என்ன நேசண்ணை இது?"

"பிறவிக் கோணல் தங்கச்சி. அடிச்சாத்தான் நேர வரும்."

வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தார். அவளை அடித்த அந்தக் கைதான் அண்ணா உங்கட பாடையைத் தூக்கியது.

நான் பட்டியை அவிழ்த்தேன்.

"அப்ப வண்டியை ஆர் இழுக்கிறது?"

"நீங்கள் இழுங்கோ" என்றுவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு வந்தனான். செக்பொயின்றில் நின்ற ஆமிக்காரன்கூட அவளைக் கண்டு முகத்தைச் சுளித்து, ஒன்றும் கேட்காமல் விட்டான்.

புண் ஆறிவிட்டது. தோலில் வெள்ளைத் தழும்பு. முதலில் வலப்பக்கம் திருப்பினாலே நடுங்கினாள். கயிற்றைத் தளரவிட்டு நானும் கூடவே நடக்கிறேன். நேற்று அவளாகவே வலப்பக்கம் கழுத்தை வளைத்து என்னைப் பார்த்தாள். இனி ஓடுவாளோ? தெரியவில்லை.

உங்கட திவசத்துக்கு நேசன் மாலையோடு வந்தார். உங்கட பெயரைச் சொல்லித் திரும்பவும் அழுதார். நான் படலையைத் திறக்கவில்லை.

இனி ஒருத்தரும் அவளை வண்டியில் பூட்ட விடமாட்டேன் அண்ணா. நாளைக்கும் வலப்பக்கமாக நடத்துவேன்.

உங்கட கூடப்பிறந்தவள்,
தங்கச்சி