காட்டு வாழை விதை

கல்லிடைக்குறிச்சி
4.9.1994

அன்புள்ள தம்பி பெருமாள்ராஜுக்கு,

நாங்கள் நலம். உன் மருமகள் கலையரசி எட்டு வைத்து நடக்கிறாள். வயல்தான் நலமில்லை. ரசகதலி வாழை முழுக்க வாடல். இலை மஞ்சளித்து, ஒடிந்து, தண்டைச் சுற்றித் தொங்குகிறது. கிழங்கை வெட்டினால் உள்ளே ரத்தக் கோடு. பக்கத்து வயல் முத்துமாலை அண்ணாச்சிக்கும் இதே கதிதான். கோயம்புத்தூரில் நீ வாழை ஆராய்ச்சிதானே பார்க்கிறாய்? ஒரு மருந்து சொல்லு. உன் அத்தான் சரியாகச் சாப்பிட்டுப் பத்து நாளாகிறது.

பிரியமுள்ள அக்கா,
சுடலைவடிவு


கோயம்புத்தூர்
15.9.1994

அன்புள்ள அக்காவுக்கு,

இதற்கு மருந்து இல்லை. உன்னிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை. நம் ரசகதலி எல்லாம் பக்கக்கன்றில் வந்தது. தாய்க்கு உள்ள உடம்புதான் கன்றுக்கும். ஒன்றைக் கொல்லும் நோய் ஊரில் உள்ள அத்தனையையும் கொல்லும். மலையில் நிற்கும் காட்டு வாழை விதையில் முளைப்பது. ஒன்றைப் போல ஒன்று இருக்காது. அதில் ஏதாவது ஒன்று இந்த வாடலைத் தாங்கலாம். தாங்கினால் நம் வாழையோடு கலந்து புது ரகம் எடுக்கலாம், வருஷக்கணக்கான வேலை. அத்தான் மாஞ்சோலை எஸ்டேட்டில் இருந்தவர், இடம் தெரியும். விதையோடு பழுத்த தார் ஒன்று கிடைக்குமா?

அன்புத் தம்பி,
பெருமாள்ராஜ்


20.10.1994

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே அடைமழை. மலை ஓடையெல்லாம் நிரம்பி ஓடுகிறதாம். தை பிறக்கட்டும் என்றேன். "தம்பி வாய்விட்டுக் கேட்டிருக்கான்லா, பைய ஏறி எறங்கிருதேன்" என்கிறார் அவர். இப்போது வேண்டாம் என்று நீயே ஒரு வரி எழுது. நீ சொன்னால் கேட்பார்.

அக்கா


28.10.1994

அன்புள்ள அக்காவுக்கு,

தை வரைக்கும் பழம் நிற்காது. குரங்கும் வௌவாலும் மிச்சம் வைக்காது. எங்கள் திட்டமும் டிசம்பரோடு முடிகிறது. அதற்குள் விதையைக் காட்டாவிட்டால் என்னை வேறு பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள். மழை விட்ட ஒரு நாள் போதும். அத்தானைப் பார்த்துப் போகச் சொல்.

பெருமாள்ராஜ்


12.12.1994

தம்பிக்கு,

உன் அத்தானுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. விதை கெட்டுவிடும் என்று நீ மூன்றாம் நாளே கிளம்பிவிட்டாய்.

அன்றைக்கு வெயில் அடித்தது. அதை நம்பித்தான் போனார். மேலே எங்கேயோ மழை. கூடப் போன முத்துமாலை அண்ணாச்சி தினமும் வந்து அழுகிறார். "ஓடையில தண்ணி இடுப்புக்கு வந்துட்டு. சாக்கப் போட்டுட்டுக் கையக் குடுலேன்னு கத்துனேன் தாயி. கேக்கலியே."

அவரை முற்றத்தில் கிடத்தியிருந்தார்கள். காட்டு வாழைத் தார் வைத்த சாக்கு பக்கத்தில் இருந்தது. நீ வந்ததும் முதலில் சாக்கைத் தொட்டுப் பார்த்தாய். அவர் முகத்தை அதற்குப் பிறகுதான் பார்த்தாய். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

வடிவு


கோயம்புத்தூர்
10.1.1996

என் அக்காவுக்கு,

நாலு கடிதம் போட்டேன், பதில் இல்லை. அறுபத்திரண்டு விதை முளைத்தது. நோய் பிடித்த மண்ணில் நட்டோம். மூன்று மட்டும் இன்னும் வாடவில்லை. அதில் ஒன்றுக்குக் கொம்பையா என்று அத்தான் பெயரை வைக்கக் கேட்டிருக்கிறேன். நீ என்னிடம் கேட்டது ஒரே ஒரு வரி. அதை எழுதியிருக்கலாம். தினமும் நினைக்கிறேன் அக்கா.

பெருமாள்ராஜ்


கல்லிடைக்குறிச்சி
2.2.1996

பெருமாள்ராஜுக்கு,

மூன்று செடி பிழைத்தது நல்லதுதான். எந்தச் சம்சாரி வயலுக்காவது உதவட்டும். அவர் பெயரை வைக்காதே.

போன வெள்ளிக்கிழமை கலையரசிக்குக் காது குத்தினோம். முத்துமாலை அண்ணாச்சி மடியில் வைத்துக்கொண்டார். பிள்ளைக்குத் தாய்மாமன் எங்கே என்று ஆசாரி கேட்டார்.

இல்லை என்றேன்.

சுடலைவடிவு