அந்தப் படத்தில் படிக்கட்டு இல்லை

அக்கா,

வியாழக்கிழமை நோட்டீஸ் வண்டி வந்தது. மழையில் நனைந்த மாடு, நனைந்த மேளம். ரோஸ் காகிதம் ஒன்று பறந்து வந்து எங்கள் கடை வாசலில் மிளகாய்ச் சாக்கின் மேல் ஒட்டிக்கொண்டது. பிய்த்தெடுத்துப் பார்த்தேன். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வெள்ளைக்காரன், முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு துரைசானி. தெரிந்த படம்தான். ஐந்து வருடத்துக்கு முன்னால் நீங்கள் பார்த்துவிட்டு வந்து எனக்குச் சொன்ன பேசாத படம். தூசி தட்டித் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

நீங்கள் போய் நாலு வருடமாகிறது. செத்தவர்களுக்கு யாராவது கடிதம் எழுதுவார்களா, எழுதினால்தான் எந்தத் தபால்காரன் கொண்டுபோவான்? தெரியும். ஆனாலும் இதைச் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்காது.

அட்டன் கடைத்தெருவில் நம் இரண்டு வீடும் ஒட்டிக்கொண்டு நின்றன. கீழே கடை, மேலே வீடு, பின்னால் சமையல்கட்டு. மலையிலிருந்து தண்ணீர் விழும் பீலி இரண்டு வீட்டுக்கும் பொது. நீங்கள் திருச்சிப் பக்கத்திலிருந்து கப்பலேறி இந்த இலங்கை மலைக்கு, ஜவுளிக்கடை வீட்டுக்கு வாழ வந்தவர். நான் பலசரக்குக் கடைக்காரர் மகள். வயதுக்கு வந்த பிறகு படக் கொட்டகை இருக்கும் திசையில் தலைவைத்துப் படுக்கக்கூட எனக்கு அனுமதி கிடையாது.

உங்களுக்கு அந்தக் குறை இல்லை. படம் மாறும்போதெல்லாம் உங்கள் வீட்டுக்காரர் உங்களைக் கூட்டிப்போவார். குடையைத் தான் நனைந்தாலும் உங்கள் பக்கம் சாய்த்துப் பிடிப்பார். தெருவே பார்க்கும். "பொண்டாட்டிய உள்ளங்கையில வச்சுத் தாங்குறான்யா" என்று எங்கள் அப்பாவே சொல்வார். எனக்கும் இப்படி ஒருத்தர் வாய்க்க வேண்டுமென்று மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டேன் அக்கா. இப்போது எழுதவே கை கூசுகிறது.

மறுநாள் காலையில் பீலியடியில் எனக்கு உங்கள் காட்சி நடக்கும். பேசாத படம் என்பதால் பேச்செல்லாம் உங்களுடையது.

"அந்தத் தொரை சாப்பிட உக்காந்தாண்டி. ரசத்துல உப்பு ஒரு கல்லு கூடிப்போச்சு. எடுத்தான் பாரு கிண்ணத்த! இவ டபக்குன்னு குனிஞ்சிட்டா. அது பறந்து போயி மாமியாக்காரி வெத்தலப் பெட்டியில டமார்!"

"ஏங்கக்கா, வெள்ளக்காரி வீட்டுல ஏது ரசம்? இதுல வெத்தலப் பெட்டி வேற!"

"போடி இவளே. அவளுக்குச் சளி புடிக்காதா? ரசம் வைக்க மாட்டாளா?"

இருவரும் சிரித்தோம். அதற்கப்புறம் அந்தப் படி.

"மேலருந்து ஒரே தள்ளு. பதினோரு படி. படிக்கு ஒரு இடி. கீழ வந்து மகாராணி கணக்கா சப்பணம் போட்டு உக்காந்துட்டா. அவன் மேல நின்னுக்கிட்டு என்னா சொல்றாங்குற? 'வெளக்க அமத்திட்டு வா'ங்குறான்!"

அதை நீங்கள் நடித்தே காட்டினீர்கள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு காலை இழுத்து இழுத்து. அடேயப்பா, என்ன நடிப்பு என்று நினைத்தேன். குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது, எனக்குச் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டது.

ஒருநாள் கேட்டேன். "எல்லாப் படமும் ஒண்ணுதானக்கா? சண்ட போடுறாங்க, கோவிச்சுக்குறாங்க, கடைசியில சேந்துக்குறாங்க. அலுக்கலையா ஒங்களுக்கு?"

"தெரிஞ்சுதாண்டி போறேன். கடைசியில தொப்பியக் கழட்டிக்கிட்டு மழையில அவ வாசல்ல வந்து நிக்கிறான் பாரு, அதுக்குத்தான். ஆம்பள மன்னிப்புக் கேக்குறான். பேசாத படத்துலயே கேட்டுப்புடுறான். இங்க எல்லாருக்கும் வாய் இருக்கு." தண்ணீரைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னீர்கள். "அந்த எடத்துல எங்க வீட்டுக்காரரும் சிரிக்கிறாரு. இருட்டுல அவரு மூஞ்சியப் பாத்துக்கிட்டே இருப்பேன்."

அப்போது நீங்கள் சிரிக்கவில்லை. அதைக் கவனிக்க எனக்குப் புத்தி இருக்கவில்லை.

ஆடி மழை பிடித்த வாரம், உங்கள் வீட்டு மரப்படியில் பாசி, உங்களுக்குக் கால் வழுக்கிவிட்டது என்றார்கள். அட்டனில் எதுதான் வழுக்காது? நம்பினோம். உங்கள் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டு அழுததைப் பார்த்துத் தெருவே அவருக்காக அழுதது. வாய்க்கரிசி போடும்போது, இந்த வாய் என்னை எவ்வளவு சிரிக்கவைத்தது என்றுதான் நினைத்தேன். அந்த வாய் என்ன சொல்லிக்கொண்டிருந்தது என்று நினைக்கவில்லை, பாவி.

இப்போது நான் அத்தை மகனைக் கட்டிக்கொண்டு அதே கடைக்கு மேலேயே இருக்கிறேன். நல்ல மனிதர். நோட்டீஸை நீட்டினேன், சனிக்கிழமை மாலைக் காட்சிக்குக் கூட்டிப்போனார். கொட்டகைக்குள் ஈரக் கம்பளி வாடை. வட்டவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து மழையில் நடந்தே வந்த ஜனம், பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

ரசம் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. மாமியார் என்று ஒருத்தியே இல்லை. அந்தத் துரை ஒரு தடவைகூடக் கையை ஓங்கவில்லை அக்கா. சேற்றில் விழுகிறவன் அவன்தான், நாயிடம் கடிபடுகிறவனும் அவன்தான். அந்த வீட்டுக்கு மாடி கிடையாது. படம் முடிகிறவரை ஒரு படிக்கட்டைத் தேடினேன். அந்தப் படத்தில் படிக்கட்டே இல்லை.

கடைசியில் மழை பெய்தது. அவன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்து நின்றான். அது மட்டும் நீங்கள் சொன்னபடியே இருந்தது. கிண்ணம் பறந்ததும், தள்ளிவிட்டதும், உருண்டதும் உங்கள் வீடு. மன்னிப்பு மட்டும்தான் படம்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நானும் சிரித்தேன். படிக்கட்டைத் தேடிக்கொண்டிருக்கும்போதே, அவன் சேற்றில் வழுக்கியதும் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் ஒரு கிழவர் கண்ணீர் வரச் சிரித்தார். இந்த மாதிரிப் படத்துக்கு ஜனம் ஏன் அலுக்காமல் வருகிறதென்று அப்போது தெரிந்தது. அங்கே விழுகிறவர்கள் எல்லாரும் எழுந்துவிடுகிறார்கள். தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொண்டு நடக்கிறார்கள். ஒருவருக்கும் இரத்தக் காயமில்லை. நீங்களும் அப்படி எழுந்து வந்துதான் பீலியில் எனக்குக் கதை சொன்னீர்கள், கடைசித் தடவையைத் தவிர.

உங்கள்மேல் கோபமாகக்கூட இருக்கிறது. நேராகச் சொல்லியிருக்கலாமே! ஆனால் சொல்லியிருந்தால்தான் என்ன? அப்பாவிடம் ஓடியிருப்பேன். "புருசன் பொண்டாட்டி விசயம், வாய மூடு" என்றிருப்பார். நானும் மூடியிருப்பேன். அது தெரிந்துதானோ என்னவோ, வேடிக்கையாகச் சொல்லி வைத்தீர்கள்.

இரண்டு வரிசை முன்னால் உங்கள் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். போன தையில் ஊருக்குப் போய் மறுபடி கட்டிக்கொண்டு வந்துவிட்டார். பதினெட்டு வயதிருக்கும் அந்தப் பெண்ணுக்கு. இந்தச் சீமையில் அவளுக்கு ஒரு நாதியில்லை. படத்துத் துரை தொப்பியோடு நின்றபோது அவர் தொடையில் தட்டிச் சிரித்தார். அவள் படத்தைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்று காலை குடத்தோடு பீலிக்கு வந்தாள். இடது காலை இழுத்து இழுத்து நடந்தாள். நான் கேட்பதற்கு முன்னால் அவளே சிரித்தாள்.

"படியில வழுக்கிட்டேங்கக்கா. நேத்துப் படத்துல வர்ற மாதிரி உருண்டேன் பாருங்க, நீங்க பாத்திருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பீங்க!"

நான் சிரிக்கவில்லை அக்கா.

"நானும் அந்தப் படம் பாத்தேன். அதுல படி ஏதுடி?" என்றேன்.

முதலில் தன் வீட்டுக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு குடத்தைப் பார்த்தாள். "இல்லக்கா" என்றாள்.

உங்களிடம் கேட்காமல் விட்ட அந்த ஒரு கேள்வியைத்தான் இனி சாகும்வரை சுமப்பேன். சிரித்துக்கொண்டு எவள் வந்து எதைச் சொன்னாலும், எந்தப் படத்தில் என்று கேட்பேன். இன்று குடத்தை அப்படியே விட்டுவிட்டு அவள் கையைப் பிடித்து எங்கள் வீட்டுக்குள் கூட்டிவந்து கதவைச் சாத்தினேன். "தெருவுல பகையாயிருமே" என்றார் என் வீட்டுக்காரர். "ஆகட்டும்" என்றேன். அவர் போய் வாசலில் உட்கார்ந்துகொண்டார். உங்கள் மாமியார் வெளியே நின்று, நான் குடி கெடுக்கிறேன் என்று ஊரைக் கூட்டுகிறாள். கத்தட்டும்.

பசியோடிருந்தாள். சோறு போட்டு ரசம் ஊற்றினேன். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "உப்பு ஒரு கல்லு கூடிப்போச்சுக்கா" என்றாள். சொன்னவள் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டு என் கையைப் பார்த்தாள்.