கடைசி நிலக்கரி நிலையம் நின்ற நாள்

அம்மாவுக்கு உன் மகனின் வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நான் கல்லு மாதிரி இருக்கிறேன்.

நேற்று இந்த நாட்டின் கடைசி நிலக்கரி மின்நிலையத்தை மூடினோம். நிறுத்தும் பொத்தானைத் தொட உள்ளூர்க்காரர்கள் ஒருவருக்கும் மனம் வரவில்லை. "சோறு போட்டதுப்பா, எங்க கையால வேணாம். நீயே அமுக்கு" என்றார் ஃபோர்மேன். அமுக்கினேன். நாட்டில் ஒரு விளக்குகூடக் கண் சிமிட்டவில்லை. என் வேலைக்கும் பயமில்லை, காற்றாலைக்கு மாற்றிவிட்டார்கள்.

ஆனால் நிலையத்தை ஒட்டிய இந்த அறையில் டர்பைன் இரைச்சல் இல்லாமல் தூக்கம் பிடிக்கவில்லை. அப்பாவின் குறட்டையை செல்போனில் பதிவுசெய்து அனுப்பு. அவரிடம் மூச்சு விடாதே. அந்தக் குறட்டைக்குப் பயந்து நான் மொட்டைமாடியில் படுத்ததை இன்னமும் சொல்லிக் காட்டுவார்.

வேன் வந்துவிட்டது, ஓடுகிறேன். கொஞ்சம் நீளமாகவே எடும்மா.