பஸ்ஸில் விட்டுவந்த ‘ங்க’

ஆவணி, செவ்வாய் இரவு.

இன்று பெரம்பலூர் கலெக்டர் ஆபீசில் ஊராட்சித் தலைவர்களுக்குக் கூட்டம். எங்கள் தலைவர் அஞ்சலை காலனித் தெருக்காரர். பதவி ரிசர்வ் ஆன பிறகு ஜெயித்து வந்தவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் ஊராட்சிச் செயலர், ஊர்த் தெருக்காரன். கூட்டத்தில் “தலைவரே, இங்க உக்காருங்க” என்று நானே நாற்காலியை இழுத்துப் போட்டேன். அதிகாரிகள் பார்த்தார்கள்.

சாயங்காலம் ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கினோம். டீக்கடையில் என் பெரியப்பா நின்றிருந்தார், கூட நாலு பேர். தலைவர் என்னிடம், “சார், நாளைக்குக் கிராம சபைக்கு எத்தன மணிக்கு வரட்டும்?” என்று கேட்டார்.

“பத்து மணிக்கு வா.”

வாயில் அப்படி வந்துவிட்டது. வந்தது என்ன, நான்தான் சொன்னேன். காலையில் இருந்த ‘ங்க’ பஸ்ஸிலேயே போய்விட்டது.

“சரிங்க சார்” என்று சொல்லிவிட்டு அவர் காலனிப் பக்கம் நடந்தார். பெரியப்பா எனக்கு டீ சொன்னார். குடித்தேன்.

நாளை சபைக்கு அவர்தான் தலைமை. டீக்கடையில் நின்றவர்களும் வருவார்கள். அவரை எப்படிக் கூப்பிடலாம் என்று நானே அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டேன்.

பெரியப்பாவுக்குப் பயந்துதான் அப்படிப் பேசினேன் என்று எழுத நினைத்து, இந்த நோட்டையே பின்னுக்குப் புரட்டினேன். “என்ஜினியர் வந்தார்.” “தலைவி வந்தாள், கையெழுத்துப் போட்டாள்.” பக்கத்துக்குப் பக்கம் அப்படியேதான் இருக்கிறது.

இதையெல்லாம் எழுதியபோது பெரியப்பா பக்கத்தில் இல்லை. யாருமே இல்லை.