நீங்கள் ஏன் நேரத்துக்கு வரவில்லை, அண்ணி?

கேட்ட கேள்விக்கு ஒருநாளும் நேராகப் பதில் சொல்லாத என் அன்பு அண்ணிக்கு,

உங்கள் வேனை இப்போது நான்தான் ஓட்டுகிறேன். சிரிக்காதீர்கள். கியர் வண்டி என்றாலே ஒதுங்கிப் போனவன், இரண்டு முறை தோற்று மூன்றாவது முறை லைசன் எடுத்திருக்கிறேன். முதல் நாள் உங்கள் சீட்டில் உட்கார்ந்தபோது முட்டி ஸ்டியரிங்கில் இடித்தது. சீட்டைப் பின்னால் தள்ள மனம் வரவில்லை. இரண்டு வாரம் அப்படியே இடித்துக்கொண்டு ஓட்டினேன்.

நீங்கள் கண்மூடி ஆறு மாதம் ஆகிறது. அதில் பாதி நாள் வேன் வாசலில் சும்மா கிடந்தது. புக்கிட் பெலிம்பிங் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்துப் பிள்ளைகள் பதினொரு பேரும் நம் சனிக்கிழமைக் கலை வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். டவுனில் அப்பா அம்மா காரில் கொண்டுவந்து விடும் பிள்ளைகள் மட்டும் மிஞ்சினார்கள். நம்மோடு சேர்ந்து இதை ஆரம்பித்த மல்லிகா, ஓவிய வகுப்பு முடிந்து தூரிகைகளைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: “தோட்டத்துப் புள்ளைங்களுக்காகத்தான ஆரம்பிச்சோம் சேகர்? அவங்களே வர்லன்னா இழுத்து மூடிரலாம் லா.” அதற்குப் பிறகுதான் நான் லைசன் எடுக்கப் போனேன்.

ஓட்ட ஆரம்பித்ததும் எனக்கு ஒரு பெருமை வந்தது. மூன்று மணி வகுப்புக்கு இரண்டு ஐம்பதுக்கே மண்டப வாசலில் வேனை நிறுத்தினேன். ஒன்பது வருடத்தில் நீங்கள் ஒரு நாளாவது மூன்று மணிக்கு வந்ததுண்டா? மூன்றரை, மூன்று நாற்பது என்று வந்து இறங்குவீர்கள். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வாசலிலேயே நிற்பேன்.

“எங்க அண்ணி இவ்வளவு நேரம்?”

“ரோட்டுல லோரி, தம்பி.”

எப்போதும் அதே லோரிதான். ஒருமுறை உங்கள் வேனைச் செகிஞ்சான் வயல் பக்கம் பார்த்ததாக யாரோ சொன்னார்கள். புக்கிட் பெலிம்பிங்கிலிருந்து டவுனுக்கு வர செகிஞ்சான் எதற்கு? கேட்டதற்கு, “காத்து நல்லா இருந்துச்சு” என்றீர்கள். பிள்ளைகளை வைத்துக்கொண்டு சொந்த வேலை பார்க்கிறீர்களோ என்றுகூட நினைத்தேன். இன்றைக்கு இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஒருநாள் பெற்றோர்கள் முன்னாலேயே, “ஒரு நாளாச்சும் நேரத்துக்கு வந்தா என்ன?” என்று கத்தினேன். நீங்கள் போய் வேன் கண்ணாடியைத் துடைத்தீர்கள்.

சரி, கதைக்கு வருகிறேன். நான் நேரத்துக்குக் கொண்டுவந்து இறக்கிய பிள்ளைகளுக்கு, நான் சொல்லிக்கொடுக்கும் நாடகம் வரவில்லை. வசனம் மறந்தது. குரல் தொண்டையைத் தாண்டவில்லை. நம் பிள்ளைகளின் குரலுக்குக் காரணம் என் மூச்சுப் பயிற்சிதான் என்று வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வேனே, நினைவிருக்கிறதா? அதே பயிற்சியை இரண்டு மடங்காகக் கொடுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் நாடகம் போட இரண்டு வாரம்தான் இருந்தது. அசிங்கப்படுவதற்குப் பதில் நின்றுவிடலாம் என்று பிள்ளைகள் தங்களுக்குள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது.

போன சனிக்கிழமை, முச்சந்தியில் டவுன் பக்கம் சிக்னல் போட்டேன். உங்களுக்கு நேர் பின்னால் உட்காருவாளே, கீர்த்தனா, அவள் எட்டிப் பார்த்தாள்.

“சார், ஆன்ட்டி இங்க லெஃப்ட் எடுக்க மாட்டாங்க.”

“பின்ன?”

“சீன் முடியலன்னா ரைட்டு. முடியிற வரைக்கும் சுத்துவாங்க.”

“என்ன சீன்?”

“நம்ம நாடகம்தான் சார். வீட்டுல சத்தம் போட்டா ஏசுவாங்க. வேன்லதான் ஃபுல்லா பிராக்டிஸ் பண்ணுவோம். ஆன்ட்டி கண்ணாடியில பாத்துக்கிட்டே, ‘பின் சீட்டு, கேக்கல லா’ன்னு கத்துவாங்க.”

ஏர்கோன் இல்லாத வேன், திறந்த ஜன்னல், அந்த எஞ்சின் சத்தம். கடைசி வரிசையிலிருந்து உங்கள் காதுக்கு வந்து சேர்ந்த குரலுக்கு எந்த மண்டபம் பெரிது? நான் என்னவோ மூச்சுப் பயிற்சி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்!

“இத ஏன் எங்கிட்ட சொல்லல?” என்றேன்.

“நீங்கதான் சார் மொத நாளே சொன்னீங்க, வேன்ல யாரும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு.”

சொன்னேன்தான். கியர் மாற்றும் பயத்தில் சொன்னது.

அண்ணி, நீங்கள் ஏன் சொல்லவில்லை? சொன்னால் நானும் வேனில் ஏறி உட்கார்ந்து திருத்த ஆரம்பித்துவிடுவேன் என்றா? ஆரம்பித்திருப்பேன், அது வேறு விஷயம். எந்த நாடகத்தையும் உள்ளே வந்து பார்க்காமல், “நான் பாத்துட்டேன் தம்பி” என்று வேனிலேயே இருப்பீர்களே. ரசனை இல்லாதவர் என்று முடிவுகட்டியிருந்தேன். செகிஞ்சான் கதையையும் கீர்த்தனாவிடம் கேட்டேன். “அம்மா சாகுற சீன் சார். நெசமாவே எல்லாரும் அழுதுட்டோம். அழுது முடிக்கட்டும்னு ஆன்ட்டி ஓட்டிக்கிட்டே போனாங்க” என்றாள். நீங்களும் அழுதீர்களா என்று அவளிடம் கேட்டேன். கண்ணாடியில் உங்கள் நெற்றி மட்டும்தான் தெரிந்ததாம்.

சிக்னலை மாற்றி வலது பக்கம் திரும்பினேன். முன்னால் செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. முந்தவில்லை. “பின் சீட்டு, கேக்கல லா!” என்று கத்தினேன். பிறகு கடைசி வரிசையிலிருந்து வந்தது பாருங்கள் ஒரு குரல், எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

மண்டபத்துக்குப் போனபோது மூன்று முப்பத்தைந்து. மல்லிகா வாசலில் நின்றாள். “எங்க சேகர் இவ்வளவு நேரம்?” என்றாள்.

“ரோட்டுல லோரி” என்றேன்.

எல்லார் முன்னாலும் உங்களிடம் கத்தியதற்கு மன்னித்துவிடுங்கள், அண்ணி. அடுத்த வாரமும் பதினொரு பேரும் வருகிறார்கள். உங்கள் மீது சத்தியமாகச் சொல்கிறேன், இனி எந்தச் சனிக்கிழமையும் நான் நேரத்துக்குப் போய்ச் சேர மாட்டேன்.

தாமதமாகத் தெரிந்துகொண்ட உங்கள் கொழுந்தன்,
சேகர்